நின்றால்தான் பறக்கலாம்!



பள்ளி விளையாட்டு விழாவில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி பார்த்திருப்பீர்கள். வேகமாக ஓட்டும்போது விழாத சைக்கிள், மெதுவாகப் போனால் தள்ளாடும். ரிமோட்டில் பறக்கும் மாதிரி ஹெலிகாப்டரும் இதே கதைதான். புதிதாகப் பழகுகிறவருக்குப் பெரிய பரீட்சை, அதைக் காற்றில் ஒரே இடத்தில் நிற்க வைப்பது! 'ஹோவர்' என்பது இதன் பெயர்.

மாதிரி விமானங்கள் ரேடியோ கட்டளைக்கு அடங்கிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஹெலிகாப்டர் அடங்கவில்லை. 1960களின் இறுதியில்தான் ஜெர்மனி நாட்டுப் பொறியாளர் டீட்டர் ஷ்லூட்டர் அதைச் சொன்னபடி பறக்க வைத்தார். பிறகு, மற்றவர்களும் வீட்டிலேயே பொருத்திப் பறக்கவிட அவருடைய மாதிரிகள் விற்பனைக்கு வந்தன.

வால் விசிறி எதற்கு?

சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கிக்கொண்டு, உடம்பைச் சட்டென்று வலப்பக்கம் திருப்புங்கள். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். நியூட்டனின் மூன்றாம் விதி! மேலே உள்ள பெரிய விசிறி ஒரு பக்கம் சுற்றினால், ஹெலிகாப்டரின் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் வாலில் உள்ள சின்ன விசிறி.

ரிமோட்டில் இரண்டு குச்சிகள். ஒவ்வொன்றும் இரண்டு வேலை செய்யும். மேலே ஏற, இறங்க ஒன்று. முன்னே, பின்னே போக ஒன்று. இடம், வலம் சாய ஒன்று. மூக்கைத் திருப்ப ஒன்று. இந்த நான்கையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். கைரோ என்ற கருவி வாலை நிலையாக வைத்து உதவும். மற்றதெல்லாம் உங்கள் விரல்கள் கற்க வேண்டிய பாடம்.

பொருத்தும்போதே பொறுமை

பெரிய விசிறியின் இரண்டு இறக்கைகளும் ஒரே எடை இருக்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? இரண்டையும் நடுவில் ஒரு போல்ட்டால் இணைத்துத் தராசு போலத் தொங்கவிடுவார்கள். எந்தப் பக்கம் மேலே போகிறதோ, அந்த இறக்கையில் சின்னத் துண்டு டேப் ஒட்டுவார்கள். எடை சமமாகாவிட்டால் ஹெலிகாப்டர் முழுவதும் உதறும். உதறினால் திருகுகள் கழலும். அதனால் உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்கு, கழலாமல் பிடிக்கும் ஒரு பசையையும் இடுவார்கள்.

இப்போது ஒரு கணக்கு. 70 செ.மீ. அகலம் சுற்றும் விசிறி, நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றுகிறது. இறக்கை நுனியின் வேகம் என்ன? ஒரு சுற்று ஏறத்தாழ 2.2 மீட்டர். ஒரு நிமிடத்தில் 5,500 மீட்டர். ஒரு மணிக்கு 330 கிலோமீட்டர்!

இது விளையாட்டுச் சாமான் அல்ல என்று இப்போது புரிகிறதா? 2013ஆம் ஆண்டு நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில், தன் மாதிரி ஹெலிகாப்டரின் இறக்கை தாக்கி 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் பழகிய கைதான். ஆகவே இதை மனப்பாடம் செய்யுங்கள்:

* பெரியவர் துணை இல்லாமல் தொடக்கூடாது.
* திறந்த மைதானம் வேண்டும். ஆட்கள், மின்கம்பி, விமான நிலையம் அருகே கூடாது.
* விசிறி முழுதும் நிற்கும்வரை கிட்டே போகக்கூடாது.
* உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தக் கூடாது; தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

முதல் பாடம்

முதலில் கணினியில் 'சிமுலேட்டர்' பயிற்சி. அதில் நூறு முறை விழுந்தாலும் ஒரு திருகுகூட உடையாது. பிறகு மைதானம். ஹெலிகாப்டரின் கால்களில் நீளமான குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் பந்து செருகுவார்கள். சாய்ந்தாலும் கவிழாது. வால் உங்களைப் பார்த்திருக்கட்டும். தள்ளி நின்று, ஒரு சாண் மட்டும் எழுப்பி இறக்குங்கள். அடுத்த நாள் இரண்டு சாண்.

அது கைவந்தபின் மூக்கை உங்கள் பக்கம் திருப்பினால் புதுக் குழப்பம்! எதிரே நிற்கும் நண்பனின் வலக்கை உங்களுக்கு இடப்பக்கம்தானே? அதேபோல, குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ஹெலிகாப்டர் உங்களுக்கு இடப்பக்கம் போகும்.

செவ்வாயிலும் இதே பாடம்தான்! 2021 ஏப்ரல் 19 அன்று, 1.8 கிலோ எடையுள்ள நாசாவின் 'இன்ஜெனுவிட்டி' ஹெலிகாப்டர் அங்கே முதன்முதலாக எழுந்தது. ரேடியோ கட்டளை பூமியிலிருந்து போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும் என்பதால், அது தானாகவே சமநிலை காக்க வேண்டியிருந்தது. 3 மீட்டர் எழுந்தது, காற்றில் நின்றது, இறங்கியது. மொத்தம் 39 விநாடி. அவ்வளவுதான்! நிற்கக் கற்ற அந்த ஹெலிகாப்டர், 2024 ஜனவரிக்குள் 72 முறை பறந்துவிட்டது. அதன் தலைமைப் பொறியாளராக இருந்த பாப் பாலாராம், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.

என்ன குட்டீஸ், சுழல் நாற்காலிச் சோதனையை இன்றே செய்து பார்ப்பீர்கள்தானே? தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்!