டேப்லெட்: படம் பார்க்கவா, வேலை பார்க்கவா?

2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை அறிமுகம் செய்தபோது, மேடையில் போட்டிருந்த சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துதான் அதை இயக்கிக் காட்டினார். 2015-இல் ஐபேட் ப்ரோ வந்தபோது, அதனுடன் சேர்த்துப் பயன்படுத்த கீபோர்டும் பென்சிலும் வந்தன. சோபாவிலிருந்து டேப்லெட் மேசைக்கு நகர்ந்தது.

வாங்குபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியதும் இதுதான்: சோபாவா, மேசையா?

சினிமா, கிரிக்கெட் பார்க்க என்றால் திரையும் ஸ்பீக்கரும் முக்கியம். பலர் கவனிக்காத ஒன்று, ‘வைட்வைன் எல்1’ சான்று. அது இல்லாத ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் நெட்ஃபிளிக்ஸ் படம் எச்டி தரத்தில் ஓடாது. திரை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் காட்சி மங்கலாகத்தான் தெரியும்.

வேலைக்கு என்றால் கணக்கே வேறு. 8 ஜிபி ரேம் இருப்பது நல்லது. எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டாலும் கிறுக்கல் விழாத பேனா வேண்டும். சாம்சங்கின் ‘டெக்ஸ்’ வசதியில், கம்ப்யூட்டரில் போலவே பல செயலிகளைத் தனித்தனி ஜன்னல்களில் திறந்து வைக்கலாம்.

கீபோர்டுக்கும் பேனாவுக்கும் பெரும்பாலும் தனி விலை. எல்லாம் கூட்டினால் சில சமயம் லேப்டாப் விலையே வந்துவிடும். பணம் கட்டுமுன், கடையிலேயே கீபோர்டை இணைத்து அரைப் பக்கமாவது தட்டிப் பாருங்கள்.