கொரியாவில் அயல்நாட்டுத் தொழிலாளர்: வேலை அனுமதி முறை பற்றிய ஒரு நோக்கு

தன் மக்களின் உழைப்பைப் பிறநாடுகளுக்கு அனுப்பிய தென் கொரியா, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் பிறநாட்டாரின் உழைப்பை நாடும் நாடாக மாறியது. 1963 முதல் 1977 வரை ஏறத்தாழ 8,000 கொரியர் மேற்கு ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றனர். ஏறத்தாழ 10,000 கொரியப் பெண்கள் அங்கு தாதியராகப் பணியாற்றினர். எழுபதுகளில் மத்திய கிழக்கின் நிர்மாணப் பணிகளிலும் கொரியர் உழைத்தனர். பின்னர் கைத்தொழில் வளர்ச்சியாலும் 1987ஆம் ஆண்டின் தொழிலாளர் எழுச்சியாலும் உள்நாட்டுக் கூலி உயர்ந்தது. குறைந்த கூலியும் மிகுந்த ஆபத்தும் கொண்ட சிறு தொழிற்சாலைகளை உள்நாட்டுத் தொழிலாளர் நாடாதொழிந்தனர். அவ்விடத்தை நிரப்பவே ஆசிய நாடுகளின் உழைப்பாளர் அழைக்கப்பட்டனர்.

எனினும் அவர்கள் முதலில் தொழிலாளர் என்ற பெயரில் அழைக்கப்படவில்லை. 1991இல் தோன்றி 1993இல் விரிவாக்கப்பட்ட கைத்தொழிற் பயிலுநர் முறை, அவர்களைப் பயிற்சி பெற வந்தோராகக் கருதியது. வேலை முழுமையாக இருந்தது. தொழிற்சட்டத்தின் பாதுகாப்போ முழுமையாக இருக்கவில்லை. 1995 சனவரியில் நேபாளப் பயிலுநர் சிலர் சியோலின் மியொங்தொங் பேராலயத்தில் தம்மைச் சங்கிலியாற் பிணைத்துக்கொண்டு மறியலில் அமர்ந்தமை, இம்முறையின் உண்மை இயல்பைக் கொரிய மக்களுக்கு உணர்த்தியது.

இத்தகைய போராட்டங்களின் பின்புலத்திலேயே 2003இல் இயற்றப்பட்டு, 2004 ஆகஸ்ட் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்த வேலை அனுமதிச் சட்டத்தை நாம் நோக்கவேண்டும். பயிலுநர் முறை 2007இல் முடிவுற்றது. ஆட்சேர்ப்பு இடைத்தரகரின் கையிலிருந்து அரசுகளின் கைக்கு மாறியது. முதலில் உடன்பட்ட ஆறு நாடுகளுள் இலங்கையும் ஒன்றாகும். கொரிய மொழித் தேர்வில் தேறியோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தினூடாக ஈ-9 விசாவில் அனுப்பப்படுகின்றனர். சிறு தொழிற்சாலைகள், நிர்மாணம், விவசாயம், கால்நடை வளர்ப்பு, மீன்பிடி ஆகியனவே இவர்தம் முக்கிய தொழிற்களங்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்கும் உரியது. 2025இல் அக்கூலி மணிக்கு 10,030 வொன்னாக இருந்தது. பயிலுநர் தொழிலாளியானது உண்மையான முன்னேற்றமே என்பதில் ஐயமில்லை.

ஆயின் எத்தகைய தொழிலாளி? மார்க்சிய அரசியற் பொருளாதாரம் கூலித் தொழிலாளியை இரு பொருளில் சுதந்திரமானவன் என விளக்கும். உற்பத்திச் சாதனங்கள் எவையும் அவனிடம் இல்லை என்பது ஒன்று. தன் உழைப்புச் சக்தியை விரும்பியவருக்கு விற்கலாம் என்பது மற்றையது. வேலை அனுமதி முறை முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதைக் கட்டுப்படுத்துகிறது. முதல் மூன்றாண்டுகளில் வேலையிடத்தை மூன்று தடவைகள் மட்டுமே, அதுவும் சட்டம் ஏற்கும் காரணங்களுக்காக மட்டுமே, மாற்றலாம். தொழிலாளியின் பொறுப்பல்லாத காரணங்களால் நேரும் மாற்றங்கள் இவ்வெண்ணிக்கையிற் சேரா. ஆயினும் அக்காரணத்தை நிறுவும் சுமை மொழியறிவு குன்றிய தொழிலாளியின் மீதே விழுகிறது. மூன்று மாதத்துள் புதிய வேலை கிடையாவிடின் தங்கும் உரிமை பறிபோகும். மூன்றாண்டின் பின் மேலும் ஓராண்டும் பத்து மாதங்களும் நீடிப்புப் பெறலாம். குடியுரிமை பெறுவதற்கான பொது நிபந்தனை ஐந்தாண்டுத் தொடர் வசிப்பு என்பதையும், இக்காலம் அதற்கு இரு மாதங்கள் குறைவு என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

தொழில்தருநரைவிட்டு விலக இயலாத தொழிலாளி எதையும் சகித்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகிறான். வேலைநேரம், ஓய்வு பற்றிய விதிகளிலிருந்து விவசாயத்தைத் தொழில் நியமச் சட்டத்தின் 63ஆம் பிரிவு விலக்கியுள்ளமையால் பண்ணைத் தொழிலாளரின் நிலை மேலும் இழிந்தது. 2020 டிசம்பரில், கடுங்குளிரின் நடுவே, பொச்சொனில் பிளாஸ்ரிக் கூடாரத்தினுள் அமைந்த தங்குமிடத்தில் கம்போடியத் தொழிலாளப் பெண் ஒருவர் இறந்தார். 2025 பெப்ரவரியில் நாஜுவின் செங்கல் தொழிற்சாலை ஒன்றில் இலங்கைத் தொழிலாளி ஒருவர் செங்கற்களுடன் சேர்த்துக் கட்டப்பட்டுப் பாரந்தூக்கி இயந்திரத்தால் உயர்த்தப்பட்டார். அக்காட்சி வெளியுலகுக்குத் தெரியவந்தது யூலையில்தான். இடைப்பட்ட மாதங்களின் மௌனத்தைத் தனியொருவரின் அச்சமாக மட்டும் நாம் கொள்ளலாகாது. அது இம்முறை தோற்றுவிக்கும் மௌனமாகும்.

தடையற்ற இடமாற்றம் சிறு தொழில்களைச் சிதைத்துவிடும் என்பது இம்முறையை ஆதரிப்போர் வாதம். அரசியலமைப்பு நீதிமன்றமும் 2011இலும் 2021இலும் இக்கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டது. தொழிலாளி விலகிச் செல்வான் என அஞ்சும் தொழில், தன் கூலியும் நிலைமைகளும் தாழ்ந்தவை என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறது. மறுபுறம், 2005இல் அமைந்த குடிபெயர் தொழிலாளர் சங்கத்தை, பத்தாண்டுப் போராட்டத்தின் பின், 2015இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தமை, ஒழுங்கமைந்த போராட்டமே உரிமையின் எல்லையை விரிக்கும் என்பதைக் காட்டுகிறது.

இலங்கையருக்கு இப்பிரச்சினை புதியதன்று. கங்காணியின் ‘துண்டு’ இன்றி மலையகத் தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாதிருந்த காலம் ஒன்றிருந்தது. கடனைக் கருவியாகக் கொண்ட அம்முறை 1921இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. கொரியாவில் கடனின் இடத்தை விசா பெற்றுள்ளது. எனவே தொழிலாளர் அனுப்பும் அந்நியச் செலாவணியைக் கணக்கிடும் அரசு, அவர் தம் தொழில்தருநரைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையையும் தன் ஒப்பந்தப் பேச்சுக்களில் முன்வைக்கவேண்டும் என்பதே எமது கருத்தாகும்.