சகோதரிக்கு லத்தீன் வராது!

பெரிய பதவியில் இருப்பவர் வீட்டில் ஊர் சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினால் என்ன ஆகும்? ரோமாபுரிச் சக்கரவர்த்தி செப்டிமியஸ் செவரஸுக்கும் அதே தர்மசங்கடம்தான். கூடப் பிறந்தவள் பார்க்க வந்தாள். லத்தீன் சரியாகப் பேச வரவில்லை. மானம் போகிறதே என்று பரிசுகளை அள்ளிக் கொடுத்து, ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டாராம். பழைய ரோமானிய நூல் ஒன்று சொல்லும் கதை.

அந்த ஊர் லெப்டிஸ் மேக்னா. லிபியாவில், திரிப்போலிக்குக் கிழக்கே சுமார் 120 கிலோமீட்டரில், மத்தியதரைக் கடலோரம். கி.மு. 7-ம் நூற்றாண்டு வாக்கில் ஃபினீஷியர்கள் வந்து கடை விரித்த இடம். சரக்கு, ஆலிவ் எண்ணெய். ஜூலியஸ் சீசர் தன் எதிரிகளுக்கு உதவியதற்காக இந்த ஊருக்குப் போட்ட அபராதம், வருஷத்துக்கு 30 லட்சம் ரோமானியப் பவுண்டு எண்ணெய். நம் கணக்கில் சுமார் 1,000 டன்! அதற்கும் ஊர் அசரவில்லை.

கி.மு. 8-ல் அன்னோபால் என்ற உள்ளூர்ப் பெரும்புள்ளி ஒரு சந்தை கட்டினார். அங்கே ஓர் அளவுக்கல். வெவ்வேறு தேசத்து நீள அளவுகளைப் பக்கம் பக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள். 'எங்க ஊர் முழம் இவ்ளோ இல்லையே'ன்னு யாரும் தகராறு பண்ண முடியாது, பாருங்கள்!

கி.பி. 193-ல் செவரஸ் பட்டத்துக்கு வந்ததும் ஊருக்கு யோகம் அடித்தது. பளிங்குத் தூண்கள், பிரமாண்ட மண்டபங்கள், விரிவான புதுத் துறைமுகம். வினை அந்தத் துறைமுகத்தில்தான். மணல் வந்து சேர்ந்து தூர்ந்து போனது. கடல் வழியே பிழைத்த ஊருக்கு வாசலை அடைத்தால் என்ன கதி?

பிறகு ஊரையே கழற்ற ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் வின்ட்ஸர் பக்கம் ஓர் ஏரிக்கரையில் அந்தத் தூண்களை நான் பார்த்தேன். கப்பலேறி வந்தவை. நாலாம் ஜார்ஜ் மன்னருக்காக, பாழடைந்த கோயில் மாதிரி 'செட்டிங்' போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நிஜ இடிபாட்டைப் பெயர்த்து வந்து பொய் இடிபாடு! சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும்.

2011-க்குப் பிறகு லிபியாவில் துப்பாக்கிகள் வெடித்தபோது, லெப்டிஸில் மிச்சமிருந்த கற்களுக்குக் காவல் நின்றவர்கள் சுற்றுவட்டார ஜனங்கள். யுனெஸ்கோ 2016-ல்தான் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. ஊர்க்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

லத்தீன் தெரியாவிட்டால் என்ன சார், ஊரைக் காப்பாற்ற அது வேண்டியதில்லை!