இறைச்சியை விட்டால் மட்டும் போதுமா?

சைவம் சாப்பிட்டால் மாரடைப்பு அண்டாது என்பது பலருடைய நம்பிக்கை. அதற்கு ஆதாரமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் நடந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு சுமார் 48,000 பேரின் உடல்நிலையைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் கவனித்து வந்தது. 2019இல் வெளியான அதன் முடிவின்படி, இறைச்சி உண்பவர்களைவிடச் சைவ உணவினருக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் குறைவு. இறைச்சியைத் தவிர்த்து மீன் உண்பவர்களுக்கு 13 சதவீதம் குறைவு. ஆனால் அதே ஆய்வில் சைவ உணவினருக்குப் பக்கவாத வாய்ப்பு 20 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பத்து ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு இதய நோயாளிகள் பத்துப் பேர் குறைவு, பக்கவாத நோயாளிகள் மூன்று பேர் அதிகம். கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் அது நமக்கும் கிடைக்குமா என்று சொல்ல முடியும்.

சைவ உணவினர் புகைப்பதும் குறைவு, உடல் எடையும் குறைவு. பலன் அதனால் வந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம். ஆய்வாளர்கள் கணக்கில் இவற்றைச் சரிசெய்கிறார்கள் என்றாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. அதனால்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஒரே மரபணு கொண்ட 22 இரட்டையர் ஜோடிகளைத் தேர்ந்தெடுத்து, ஒருவருக்கு முழுத் தாவர உணவும் மற்றவருக்கு இறைச்சி சேர்ந்த நல்ல உணவும் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வெளியான முடிவில், தாவர உணவு உண்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கூடுதலாகக் குறைந்திருந்தது. காரணமும் தெரிந்ததே. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லைக் கல்லீரல் உறிஞ்சிக்கொள்வது குறைகிறது. மிஞ்சியது தமனிச் சுவரில் படிகிறது. பயறு, ஓட்ஸ் போன்றவற்றின் நார்ச்சத்து பித்த அமிலத்தை வெளியேற்றுவதால், புதிய பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. ஆக, பலனில் ஒரு பங்கு இறைச்சியை விடுவதில் இருக்கிறது. இன்னொரு பங்கு அந்த இடத்தில் எது வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது.

இந்த இரண்டாவது பங்கின் கனம் எவ்வளவு என்பதை 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மருத்துவத் துறையில் பணியாற்றும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உணவை அலசியபோது, முழுதானியம், பயறு, காய்கனி, கொட்டை வகைகள் மிகுந்த தாவர உணவை அதிகம் உண்டவர்களுக்கு இதய நோய் 25 சதவீதம் குறைவாக இருந்தது. தீட்டிய தானியம், இனிப்பு, சர்க்கரைப் பானம் ஆகியவை மிகுந்த தாவர உணவை அதிகம் உண்டவர்களுக்கோ 32 சதவீதம் அதிகம். இங்கே நிலைமை இரண்டாவது வகைக்கு நெருக்கமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வின்படி, நம் கலோரிகளில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளைச் சோறும் மைதாவும் சர்க்கரையும் அளவு மீறினால் ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு ஏறும், நல்ல கொழுப்பு இறங்கும். தெற்காசியர்களிடம் அடிக்கடி காணப்படும் கோளாறு இது. காலையில் பூரி, மதியம் சோறு, மாலையில் பஜ்ஜி, இரவில் பரோட்டாவும் குருமாவும் என்று ஒருவர் இறைச்சியைத் தொடாமலே தன் தமனிகளைக் கெடுத்துக்கொள்ள முடியும்.

அப்படியானால் ஆட்டுக்கறிக்கு விடுதலையா? இல்லை. கொழுப்புள்ள கறி, பொரித்த கோழி, சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அசைவர்கள் என்று கணக்கெடுப்புகள் சொன்னாலும், செவ்வாய், வெள்ளி, புரட்டாசி என்று கழித்தால் பல வீடுகளில் கறி ஞாயிற்றுக்கிழமைச் சமையல்தான். அத்தகைய வீட்டில் வாரத்தில் ஒருவேளைக் கறியைவிட, தினம் குவியும் சோறே இதயத்துக்குப் பெரிய கேள்வி. அந்தக் காலத்தில் எல்லாரும் நெய்ச்சோறு சாப்பிட்டு நன்றாக இருக்கவில்லையா என்பார்கள். நெய் அன்றாடம் கிடைத்த வீடுகள் சிலவே. பெரும்பாலோர் பகல் முழுக்க உடலால் உழைத்தவர்கள். இளமையிலேயே இறந்தவர்கள் இந்தக் கணக்கில் வருவதும் இல்லை.

சைவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. வைட்டமின் பி12 இயற்கையாகப் பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் போதிய அளவு கிடைக்கும். அது குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டைன் என்ற அமினோ அமிலம் கூடும். சைவர்களிடம் தெரிந்த பக்கவாதக் கூடுதலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உப்போ இருதரப்புக்கும் பொது: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்த வரம்பை எளிதில் தாண்டவைத்துவிடும். எனவே சைவர், அசைவர் இருவருக்கும் வேலை ஒன்றே: சோற்றைக் குறைத்து, அந்த இடத்தைச் சுண்டல், கீரை, பருப்பு, வேர்க்கடலையால் நிரப்புவது. அசைவர் பொரித்த மீனுக்குப் பதில் மீன்குழம்பு எடுத்துக்கொள்ளலாம். சைவர் பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்ளலாம். இதைச் செய்யாத சைவம், செய்யும் அசைவத்தைவிட இதயத்துக்கு நல்லது என்று சொல்ல ஆதாரம் இல்லை.