மழை ஓய்ந்த பின்னும் ஓயாத அச்சம்

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையின்போது திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிவு ஏற்பட்டு 7 பேர் உயிரிழந்தனர். இத்தகைய துயரத்துக்குப் பின், மழைச்சத்தம் கேட்டாலே சிலருக்கு நெஞ்சு படபடக்கும்.

ஆபத்து வேளையில் சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோல் ஹார்மோனைச் சுரந்து நம்மைக் காக்கின்றன. ஆபத்து நீங்கியதும் அதன் அளவு தணிய வேண்டும். மாதக்கணக்கில் தணியாவிடில், நினைவைப் பேணும் மூளைப்பகுதி பாதிக்கப்படக்கூடும்.

இவ்வழுத்தம் குழந்தைகளிடம் படுக்கையை நனைத்தலாகவும், வளரிளம் பருவத்தினரிடம் எரிச்சலாகவும், முதியோரிடம் உறக்கமின்மை, மறதியாகவும் வெளிப்படலாம். பிடிவாதம் என்றோ வயோதிகம் என்றோ ஒதுக்கிவிடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் எங்களிடம் அழைத்து வாருங்கள். வாழ விருப்பமில்லை என்ற பேச்சு எழுந்தாலோ ஒருநாளும் காத்திராதீர்கள். அரவணைப்பும் சிகிச்சையும் கிடைத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். 14416 என்னும் அரசின் இலவச எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம்.