கொரிய எழுத்தும் கூட்டல் பெருக்கலும்

பிறந்த ஆண்டு தெரிந்த எழுத்துகள் உலகில் மிகச் சிலவே. கொரிய மொழியின் ஹங்குல் அவற்றுள் ஒன்று. செஜோங் என்னும் அரசர் காலத்தில், 1443-இல் அமைந்து, 1446-இல் மக்களுக்கு வழங்கப்பெற்றது.

நம் உயிர்மெய்யைப் போல அங்கும் மெய்யும் உயிரும் கூடியே நிற்கும். ஆயின் 'மண்' என்பதை நாம் இரண்டு எழுத்தாக எழுதுவோம். கொரியரோ இத்தகைய மூன்று ஒலிகளையும் ஒரே சதுரத்துள் அடுக்கிவிடுவர். முதலில் வருவன 19, நடுவே உயிர் 21, ஈற்றில் 27. ஈறு இல்லாமையையும் ஒன்றாக எண்ணினால் 28. பெருக்கிப் பாருங்கள்: 11,172 சதுரங்கள்!

கணினிக்கு எழுத்து என்பது எண்ணே. 1987-இல் தென் கொரியா வகுத்த தரம், மிகுதியாக வழங்கும் 2,350 சதுரங்களுக்கு மட்டும் எண் அளித்தது. மொழி அவ்வாறு அடங்குமா? 1990-இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரின் பெயர் 'த்தோம்' என்னும் சதுரத்தில் தொடங்கிற்று. அத்தரத்தில் அதற்கு எண்ணே இல்லை! ஒரு மாணவனின் பெயரைப் பதிவேட்டில் எழுத இயலாதென்று நான் சொல்லியிருந்தால், பெற்றோர் என்னை விட்டிருப்பார்களா?

1996-இல் வெளிவந்த யூனிகோடின் இரண்டாம் பதிப்பு இக்குறையைத் தீர்த்தது. முன்னர் வேறிடத்தில் வைத்திருந்தவற்றையும் பெயர்த்தெடுத்து, 11,172 சதுரங்களையும் 44,032 முதல் 55,203 வரை வரிசையாக அமர்த்தினர். பழைய எண்களில் எழுதியவை செல்லாவாயின. அந்தத் தொல்லையைக் கண்டபின், இனி எவ்வெழுத்தையும் இடம் பெயர்ப்பதில்லை என உறுதி பூண்டனர்.

அவ்வரிசையின் அழகைக் கணக்காசிரியனாகிய நான் சொல்லாமல் விட இயலாது. 'ஹங்குல்' என்பதன் முதற்சதுரம் 'ஹன்'. ஒவ்வோர் ஒலிவரிசையையும் சுழியிலிருந்து எண்ணுவர். எனவே கடைசி முதலொலியாகிய 'ஹ்' 18. முதல் உயிராகிய 'அ' 0. ஈற்று 'ன்' 4. பதினெட்டை 21-ஆல் பெருக்கி உயிரெண்ணைக் கூட்டினால் 378. அதனை 28-ஆல் பெருக்கி ஈற்றெண்ணைக் கூட்டினால் 10,588. தொடக்க எண் 44,032-ஐச் சேர்த்தால் 54,620. இதுவே 'ஹன்' குடியிருக்கும் கதவெண்.

சதுரத்தைப் பிரிப்பதற்கும் அட்டவணை வேண்டா. 44,032-ஐக் கழித்து 28-ஆல் வகுத்தால் மீதி 4, அது ஈறு. ஈவு 378-ஐ 21-ஆல் வகுத்தால் மீதி 0, அது உயிர். ஈவு 18, அது 'ஹ்'.