பலாத்துஷ் ஷுஹதா: களத்திற்கு வெளியே நேர்ந்த தோல்வி



இடைக்கால ஐரோப்பாவின் புகழ்பெற்ற போர்களைப் பட்டியலிடும் நூல்களில் கி.பி. 732-ஆம் ஆண்டின் போர் ஒன்று தவறாமல் இடம்பெறும். பிரான்ஸ் நாட்டின் டூர்ஸ், பாய்ட்டியர் என்னும் இரு நகரங்களுக்கு இடையே நிகழ்ந்த போர் அது. மேலைநாட்டார் அதனை அந்நகரங்களின் பெயரால் அழைக்கின்றனர். அரபு வரலாற்றாசிரியர்கள் அதற்கு இட்ட பெயர் 'பலாத்துஷ் ஷுஹதா'. ஷஹீதுகளின் கற்பாதை என்பது அதன் பொருள்.

இப்போரைப் பற்றி இரு கதைகள் வழங்கி வருகின்றன. முஸ்லிம்கள் அன்று வென்றிருந்தால் ஐரோப்பா முழுவதுமே இஸ்லாமிய நாடாகியிருக்கும் என்பது ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டில் குர்ஆன் விரிவுரை நிகழ்ந்திருக்கக் கூடும் என்று 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் எழுதியது இந்தக் கருத்தில்தான். வெற்றி கைக்கு எட்டிய வேளையில் கனீமத் பொருளின் மீது கொண்ட ஆசையால் அதனை இழந்தோம் என்பது நம் மேடைகளில் ஒலிக்கும் மற்றொன்று. இவ்விரண்டும் எந்த அளவுக்கு உண்மை?

தளபதியின் நேர்மை

தாரிக் இப்னு ஸியாத் 711-இல் ஸ்பெயினில் காலடி வைத்தார். பத்தே ஆண்டுகளில் முஸ்லிம் படைகள் பிரனீஸ் மலைகளைக் கடந்துவிட்டன. 721-இல் துலூஸ் நகருக்கு வெளியே அக்விட்டேன் கோமகன் ஓடோ அப்படையை முறியடித்தார். ஆளுநர் அஸ்ஸம்ஹ் இப்னு மாலிக் களத்திலேயே வீழ்ந்தார். எஞ்சிய படையைத் திரட்டி அழைத்து வந்தவர் அப்துர் ரஹ்மான் அல்காஃபிகீ. பின்னர் 730-இல் அவரே ஸ்பெயினின் ஆளுநரானார்.

அவரைப் பற்றி 9-ஆம் நூற்றாண்டின் எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு அப்தில் ஹகம் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். போரொன்றில் மணிகள் பதித்த பொன்னாலான கால் ஒன்று கிடைத்தது. அதனை உடைத்து, ஐந்தில் ஒரு பங்கைப் பொதுநிதிக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைப் படைவீரர்களுக்கே பகிர்ந்தளித்தார் அப்துர் ரஹ்மான். இதற்காக மேலதிகாரியின் கடுஞ்சினத்திற்கும் ஆளானார். ஆயினும் அஞ்சவில்லை.

களத்தில் நடந்தது

732-இல் அவர் பெரும்படையுடன் மலைகளைக் கடந்தார். கரோன் ஆற்றங்கரையில் ஓடோவின் படை சிதறுண்டது. ஓடோ தம் பழைய பகைவரான பிராங்குகளின் தலைவர் சார்லஸிடம் உதவி நாடி ஓடினார். இந்தச் சார்லஸ் மன்னர் அல்லர். மன்னரின் பெயரால் நாட்டை ஆண்ட அரண்மனைத் தலைவர். சம்மட்டி எனப் பொருள்படும் 'மார்ட்டெல்' என்ற பட்டம் பிற்காலத்தார் சூட்டியது.

இப்போரை விரிவாகக் கூறும் மிகப் பழைய சான்று, 754 அளவில் ஸ்பெயினில் ஒரு கிறித்தவர் லத்தீன் மொழியில் எழுதிய வரலாறு. அதன்படி, இரு படைகளும் ஏழு நாட்கள் எதிரெதிரே நின்றன. பின்னர் போர் மூண்டது. பிராங்குகளின் காலாட்படை சுவர்போல் அசையாது நின்றது. அப்துர் ரஹ்மான் ஷஹீதானார். இரவு வந்ததும் போர் நின்றது. பொழுது விடிந்ததும் பிராங்குகள் மீண்டும் அணிவகுத்தனர். ஆனால் எதிரே இருந்த கூடாரங்கள் யாவும் வெறுமையாய்க் கிடந்தன. பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டு ஊர் திரும்பினரே அன்றி, அவர்கள் எவரையும் துரத்திச் செல்லவில்லை.

கனீமத்தைக் காக்க வீரர்கள் களத்தை விட்டு ஓடினர் என்ற செய்தி இந்நூலில் இல்லை! அது பின்னாளில் எழுதப்பட்டவற்றில் காணப்படுவது. உஹதுப் போரில் குன்றை விட்டிறங்கிய வில்லாளிகளின் நிகழ்ச்சியோடு ஒத்திருப்பதால், கேட்டவுடன் நம் மனம் அதனை ஏற்றுக்கொள்கிறது. மறுபுறமும் இதே நிலைதான். 3,75,000 முஸ்லிம்கள் மாண்டனர் என்று பிற்கால லத்தீன் நூலொன்று எழுதியது. உண்மையில் அந்த மிகைக் கணக்கு 721-ஆம் ஆண்டின் துலூஸ் போருக்குச் சொல்லப்பட்டது. பின்னர் இப்போருக்கு இடம் மாறிவிட்டது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற குர்ஆனின் கட்டளை வரலாற்றுக்கும் பொருந்தாதா?

உண்மையான தோல்வி

ஒரு நாள் போரோடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. நார்போன் நகரம் 759 வரை முஸ்லிம்களின் கையில்தான் இருந்தது. அப்படியானால் அவர்களின் முன்னேற்றம் ஏன் நின்றது?

விடை, போருக்கு முந்திய ஆண்டிலேயே இருக்கிறது. மலையெல்லையைக் காத்து நின்ற முனூஸா என்ற பெர்பர் தளபதி, ஆப்பிரிக்காவில் தம் இனத்தார் கொடுமைப்படுத்தப்படுவதைக் கேள்வியுற்று மனம் கொதித்தார். ஓடோவோடு உடன்படிக்கை செய்து, அவர் மகளையும் மணந்தார். அப்துர் ரஹ்மான் 731-இல் முதலில் போரிட வேண்டியிருந்தது இந்த முஸ்லிம் தளபதியோடுதான். முனூஸா அதில் மடிந்தார். அவருடைய மனக்குறை மடியவில்லை.

பெர்பர்கள் யார்? தாரிக்குடன் கடல் கடந்து ஸ்பெயினை வென்ற படையின் பெரும்பகுதியினர். அவர்கள் இஸ்லாத்தை ஏற்ற பின்னரும் வரிச்சுமை இறங்கவில்லை. தஞ்சா நகரின் அதிகாரியோ, முஸ்லிம்களாகிய அம்மக்களையே கனீமத்தாகக் கருதி ஐந்தில் ஒரு பங்கு கேட்டார். நீதி கோரி திமிஷ்கிற்குச் சென்ற தூதுக்குழு கலீஃபா ஹிஷாமைக் காண இயலாமலே திரும்பியது என்று தபரீ எழுதுகிறார். 740-இல் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டே ஸ்பெயினையும் பற்றிக்கொண்டது. அரபுக் குலங்களும் தமக்குள் மோதிக்கொண்டன. 750-இல் திமிஷ்கின் உமய்யா ஆட்சியே வீழ்ந்தது. அதன் பின் பிரனீஸுக்கு அப்பால் படை நடத்த யாருக்கு நேரம் இருந்தது?

சிந்தியுங்கள், சகோதர சகோதரிகளே! பொற்காலை உடைத்து வீரர்களுக்குப் பகிர்ந்தளித்த தளபதியின் நேர்மை ஒருபுறம். உடன்பிறந்த முஸ்லிமையே கொள்ளைப் பொருளாகக் கண்ட அதிகாரியின் பேராசை மறுபுறம். பாய்ட்டியர் களத்தில் இழந்தது ஒரு படையையும் ஒரு நல்ல தலைவரையும். தஞ்சாவில் இழந்ததோ, அப்படையைச் சேர்த்துவைத்த சகோதரத்துவத்தை. முன்னதை மீண்டும் திரட்டலாம். பின்னதைத் திரட்டுவது எளிதன்று.

இனத்தாலும் குலத்தாலும் செல்வத்தாலும் ஒருவரையொருவர் தாழ்த்தும் நோய், நம் ஊர்களிலும் ஜமாஅத்துகளிலும் குடும்பங்களிலும் அறவே இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? பழம்போர்களைப் பேசிப் பெருமூச்சு விடுவதைவிட, இக்கேள்விக்கு விடை தேடுவதே அந்த ஷஹீதுகளுக்கு நாம் செய்யும் மரியாதை. வல்ல அல்லாஹ் நம்மை நீதியின்மீது நிலைநிறுத்துவானாக! ஆமீன்.